உயிரணுவின் மொழி அறிந்த சுப்பாராவ்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதை மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று நம் திருவள்ளூர் மாவட்டத்து ஊர்களைத் தொட்டுக்கொண்டு ஆந்திர மண்ணில் நுழைகிறது. நம்மில் பலருக்கு அது கல்லூரிக்கு வரும் மின்ரயிலின் பாதை. சிப்காட் தொழிற்பேட்டைக்குச் சோற்றுப் பாத்திரத்தோடு செல்லும் தொழிலாளர்களுக்கும் அதுவே பாதை. நூறு ஆண்டுகளுக்கும் முன்னால், கோதாவரிக் கரையிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த தெலுங்கு இளைஞர்களும் இவ்வழியேதான் வந்தார்கள். அப்படி வந்தவர்களுள் ஒருவர், மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறியவர். பின்னாளில் உயிரணுக்களோடு அவற்றின் சொந்த மொழியிலேயே பேசத் தெரிந்தவராக உயர்ந்தார். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர்.

உயிரணுவுக்குக் காதும் இல்லை, கண்ணும் இல்லை. ஆயினும் நம் உடலில் உள்ள கோடானுகோடி உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. வளர் என்கின்றன, பிரி என்கின்றன, நிறுத்து என்கின்றன. அவை பயன்படுத்தும் சொற்கள் யாவும் வேதிப்பொருள்கள். ஒரு மூலக்கூறின் வடிவமே அதன் எழுத்து. அவ்வடிவம் பொருந்தும் இடமே அதைப் படிக்கும் கண். அந்த மொழியைக் கேட்பதற்கு ஒரு கருவியைச் செய்து, பிறகு அதில் உண்மைச் சொல் ஒன்றையும் பொய்ச் சொல் ஒன்றையும் உயிரணுவுக்கு அனுப்பிப் பார்த்தவர் சுப்பாராவ். அவரது வாழ்க்கையை அந்தக் கோணத்தில் பார்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் அவர் பிறந்தார். தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. பிள்ளைகள் ஏழு பேர்; வறுமையும் உடனிருந்தது. பதின்மூன்று வயதில் காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆகிவிடலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். வீட்டார் தேடிப் பிடித்து மீண்டும் பள்ளியில் உட்கார வைத்தனர். வாழைப்பழ வியாபாரத்தில் அவர் எவ்வளவு சம்பாதித்திருப்பாரோ தெரியாது. மருத்துவ உலகுக்கு நேர்ந்திருக்கும் நட்டம் மட்டும் கணக்கில் அடங்காது!

சென்னை மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தார். துறவியாகி இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். மருத்துவம் படித்து மக்களுக்குத் தொண்டு செய்யலாமே என்று அங்கிருந்து வந்த அறிவுரை அவரைச் சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நண்பர்களும், பின்னர் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் படிப்புச் செலவுக்கு உதவினர். 1919இல் திருமணம் நடந்தது.

அக்காலத்தில்தான் அவர் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. அவருடைய சகோதரர் இருவர் அடுத்தடுத்து ஸ்ப்ரூ என்னும் நோய்க்குப் பலியானார்கள். வெப்ப மண்டல நாடுகளில் காணப்படும் குடல் நோய் அது. உண்ட உணவின் சத்து குடலில் உறிஞ்சப்படாமல் வீணாகும், வாய் புண்ணாகும், வயிற்றுப்போக்கு நிற்காது, இரத்தம் நீர்த்து உடல் உருகிப்போகும். மருத்துவம் படிக்கும் இளைஞர் ஒருவர் தன் வீட்டுக்குள்ளேயே இரண்டு உயிர்கள் இப்படிக் கரைவதைக் கண்டும் ஒன்றும் செய்ய இயலாமல் நின்றார். கல்லூரிப் பேராசிரியர்களிடமும் அதற்கு மருந்து இல்லை. உடலின் உயிரணுக்கள் எதையோ கேட்டு ஏங்கின. எதைக் கேட்டன என்பது அன்று யாருக்கும் புரியவில்லை.

காந்தியடிகளின் அந்நியத் துணி மறுப்பு இயக்கம் நாடெங்கும் பரவியபோது, சுப்பாராவ் அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கும் கதர் அங்கியோடு சென்றார். அறுவைத் துறைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியிருந்தும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியில் சேர முயன்றார், அதுவும் கைகூடவில்லை. சென்னையில் டாக்டர் இலட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராக அமர்ந்தார். இன்று சென்னை மருத்துவக் கல்லூரியின் புகழ்பெற்ற மாணவர் வரிசையில் அவர் பெயரும் இடம்பெறுகிறது. பட்டம் தராதவர்களும் பெருமைப்பட்டுக்கொள்ளும் நிலை வந்ததே, அதுவரை மகிழ்ச்சி.

1920களின் தொடக்கத்தில், மாமனாரும் காக்கிநாடாவின் சத்தியலிங்க நாயக்கர் அறநிலையமும் தந்த உதவியோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மனைவியை ஊரிலேயே விட்டுச் சென்றார். விரைவில் திரும்பிவிடும் எண்ணத்தோடுதான் புறப்பட்டார், ஒருபோதும் திரும்பவில்லை. இதை எழுதும்போது என் பேனா சற்றுத் தயங்குகிறது. அறிஞர்களின் வரலாற்றில் வீட்டில் காத்திருந்தவர்களின் பக்கம் பெரும்பாலும் வெற்றிடமாகவே இருக்கிறது.

பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1924இல் பட்டயம் பெற்றார். அங்கே மருத்துவராகத் தொழில் செய்ய உரிமம் இல்லை. எனவே ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியாளாகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவி வைப்பதே வேலை. பகலில் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடம். அந்தக் கூடத்தில் சைரஸ் ஃபிஸ்க் என்பாரின் கீழ் அவர் செய்த முதற்பணியை நம்மில் பலர் கைப்படச் செய்திருக்கிறோம்.

ஆம் நண்பர்களே, நம் உயிர்வேதியியல் செய்முறை நூலில் வரும் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறைதான் அது. கரைசலில் எவ்வளவு பாஸ்பேட் உள்ளது என்று அறிய, அமிலத்தில் அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்க்கிறோம். பிறகு ஒடுக்கும் பொருள் ஒன்றை ஊற்றுகிறோம். குழாயில் நீலம் பூக்கிறது. நீலம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பாஸ்பரஸ். கலோரிமீட்டரில் அளந்து, வரைபடத் தாளில் நேர்கோடு வரைந்து, விரிவுரையாளரிடம் கையொப்பம் வாங்கிவிட்டு வந்துவிடுகிறோம். ஃபிஸ்க், சுப்பாராவ் இருவரும் ஒரே ஊர்க்கார வெள்ளையர்கள் என்று என்னோடு செய்முறை வகுப்பில் நின்ற நண்பர் ஒருவர் நினைத்திருந்தார். அமெரிக்காவில் அவர் தம் பெயரை எழுதிய விதமும் அப்படி எண்ண இடம் தந்தது. இம்முறை வெளியான ஆண்டு 1925.

இந்த நீல நிறமே உயிரணுவின் பேச்சைக் கேட்க அவருக்குக் கிடைத்த செவி. தசையிலிருந்து எடுத்த சாற்றைச் சோதித்தபோது நீலம் உடனே தோன்றாமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. வேறொருவராயிருந்தால் கரைசல் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டு மறுபடி தொடங்கியிருப்பார். அவர்களோ அந்தத் தாமதத்தைப் பொருட்படுத்தினார்கள். பாஸ்பேட்டைத் தளர்வாகப் பிடித்துவைத்திருக்கும் ஏதோ ஒரு பொருள் அமிலத்தில் சிறிது சிறிதாக உடைந்து அதை விடுவிக்கிறது என்று கண்டார்கள். 1927இல் வெளியான கிரியேட்டின் பாஸ்பேட் அதுதான். அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் அதைக் கண்டிருந்தனர். தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ஆய்வுகள் நிறுவியிருந்தன. அந்தக் கருத்து இக்கண்டுபிடிப்பால் ஆட்டம் கண்டது. 1929இல் அடினோசின் ட்ரைபாஸ்பேட் எனப்படும் ஏ.டி.பி.யைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் லோமன் அதே ஆண்டில் அதைக் கண்டறிந்தார்.

ஏ.டி.பி.யை உயிரணுவின் நாணயம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அது தபாலும் கூட என்பது பின்னால் தெரியவந்தது. அட்ரினலின் என்னும் சுரப்பு உயிரணுவின் வெளிச்சுவரில் வந்து தட்டுகிறது, உள்ளே நுழைவதில்லை. தட்டியவுடன் உட்புறத்தில் உள்ள ஒரு நொதி ஏ.டி.பி.யை வளைத்துச் சுழல் ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறாக மாற்றுகிறது. அது உள்ளே ஓடிச் செய்தியைச் சேர்க்கிறது. இதைக் கண்டறிந்த சதர்லாந்து 1971இல் நோபல் பரிசு பெற்றார். ஏ.டி.பி.யே உயிரணுவுக்கு வெளியே வந்து நரம்பின் செய்தியைக் கடத்துகிறது என்ற கருத்தை 1972இல் பர்ன்ஸ்டாக் முன்வைத்தார். முதலில் பலர் நம்பவில்லை, பிறகு நிலைபெற்றது. சுப்பாராவ் உயிரோடிருந்து இவற்றைக் கேட்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

1930இல் முனைவர் பட்டம் பெற்றும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த பொருள்கள் சிலவற்றைப் பல ஆண்டுகள் கழித்து வேறு சிலர் மறுபடியும் கண்டுபிடிக்க நேர்ந்தது. ஃபிஸ்க்கின் பொறாமையே அவற்றை வெளிவராமல் தடுத்தது என்ற கருத்தை, அதே கூடத்தில் பயின்று 1988இல் நோபல் பரிசு பெற்ற ஹிட்சிங்ஸ் பின்னாளில் வெளியிட்டார். 1940இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். பின்னர் அதன் ஆய்வு இயக்குநரானார். கேட்டுக்கொண்டிருந்தவர் பேசத் தொடங்கியது அங்கேதான்.

இவ்விடத்தில் பம்பாய்க்கு ஒருமுறை போய்வர வேண்டும். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவப் பெண்மணி அங்கு வந்து, துணியாலைகளில் வேலைசெய்த ஏழைக் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தார். அவர்களுடைய சிவப்பணுக்கள் உருவில் பெருத்து, எண்ணிக்கையில் குறைந்திருந்தன. ஈஸ்ட்டிலிருந்து செய்த மார்மைட் என்னும் மலிவான உணவுப்பொருள் அவர்களைத் தேற்றியது. அதில் உள்ள சத்து எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பின்னர் கீரையிலிருந்து கிடைத்த ஒரு பொருளுக்கு இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று 1941இல் பெயர் வந்தது. ஈரலிலும் அதுவே இருந்தது.

ஈரலில் இருக்கும் அந்தப் பொருளைப் பிடிக்க லெடர்லியில் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. அவர்கள் ஒரு பாக்டீரியாவையே கேட்டார்கள்! லாக்டோபேசில்லஸ் கேசி என்னும் நுண்ணுயிர் அந்தச் சத்து இல்லாவிட்டால் வளராது. எனவே ஈரல் சாற்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு துளியை அந்நுண்ணுயிர் உள்ள குழாயில் விடுவார்கள். குழாய் கலங்கினால் சத்து இங்கே இருக்கிறது என்று பதில். தெளிந்தே இருந்தால் இல்லை என்று பதில். இப்படிக் கேட்டுக் கேட்டுத் தூய பொருளை அடைந்து, அதன் அமைப்பை அறிந்து, 1945இல் அதைச் செயற்கையாகவே தயாரித்துவிட்டார்கள். அந்த அறிவிப்பில் பல ஆய்வாளர்களின் பெயர்களுக்கிடையே சுப்பாராவின் பெயரும் ஒன்றாகக் கலந்திருக்கிறது.

ஃபோலிக் அமிலம் கொடுத்தவுடன் ஸ்ப்ரூ நோயாளிகளின் வாய்ப்புண் ஆறியது. எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் மீண்டும் உருவாகத் தொடங்கின. சகோதரர்கள் இறந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. நம் அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு நாள் கொடுத்த நீல மாத்திரை நினைவிருக்கிறதா? இரும்புச் சத்தோடு அதில் இருந்தது இந்தப் பொருள்தான். ஆசிரியர் பார்க்காத நேரத்தில் அதைச் சன்னல் வழியே வீசியவர்கள் என் வகுப்பிலும் இருந்தார்கள். ஊர்ச் செவிலியர் கர்ப்பிணிகளுக்குத் தரும் மாத்திரையிலும் அதுவே இருக்கிறது.

பொய்ச் சொல்லின் கதை இனிமேல்தான் வருகிறது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்க வேண்டும். அதற்குத் தைமின் என்னும் எழுத்து தேவை. தைமின் செய்ய ஃபோலிக் அமிலம் தேவை. ஃபோலிக் அமிலத்தை வேலைக்கு ஏற்ற வடிவமாக்கும் நொதி ஒன்று இருக்கிறது. சுப்பாராவின் கூடத்தில் டோரிஸ் சீகர் முதலிய வேதியியலாளர்கள், ஃபோலிக் அமிலத்தின் ஓர் ஓரத்தில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கி அமினோ தொகுதியை வைத்தார்கள். அமினோப்டெரின் பிறந்தது. மாற்றம் மிகச் சிறியது, நொதி ஏமாந்துவிடுகிறது. உண்மையான சத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பொய்யைப் பிடித்துக்கொள்கிறது, விடுவதில்லை. படியெடுக்கும் வேலை நின்றுபோகிறது. கண்டிப்பாகப் பார்த்தால் இது சைகை அன்று, போலிச் சரக்கு என்று நம் விரிவுரையாளர்கள் திருத்தக்கூடும். ஒத்துக்கொள்கிறேன். ஆயினும் அணுவின் வழக்கமான சொல்லில் ஓரெழுத்தை மாற்றி அனுப்பி, வளராதே என்ற பொருளை அதற்கு உணர்த்தியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் அன்று சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தார்கள். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தை நோய்க்கூற்று மருத்துவர், ஃபோலிக் அமிலத்தின் உறவுப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் இன்னும் விரைவதாக அவருக்குத் தோன்றியது. அப்படியானால் எதிர்ச்சொல்லைக் கொடுத்தால் என்ன? சுப்பாராவின் கூடத்திலிருந்து அமினோப்டெரின் அவருக்குச் சென்றது. 1948 ஜூன் மாதம் வெளியான அவரது கட்டுரை 16 குழந்தைகளைப் பற்றியது. அவர்களுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. படுத்த படுக்கையாகக் கிடந்த குழந்தைகள் எழுந்து நடந்தார்கள். மாதங்கள் கழித்து நோய் திரும்பியது உண்மை. ஆனால் புற்றுநோய் ஒரு வேதிப்பொருளின் சொல்லைக் கேட்டுப் பின்வாங்கும் என்பதைத் தாய்மார்கள் அதுவரை கண்டதில்லை. இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள இடங்களில் இந்நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் சென்னையில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு நம் பகுதியிலிருந்து செல்வோர் பலர். அம்மையாரும் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவரே.

அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேட். எங்கள் ஆயாவுக்குக் கைவிரல் மூட்டுகள் வீங்கி மடங்கிவிட்டன. முடக்குவாதத்துக்கு அரசு மருத்துவமனையில் அந்த மாத்திரை தந்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் மஞ்சள் மாத்திரை. வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் கல்லூரிவரை வந்தவர் என்னைத் தவிர யாருமில்லை. ஆகவே மாத்திரைகளைப் பிரித்து வைக்கும் பொறுப்பு என்னுடையது. மஞ்சளைத் தவறுதலாக நாள்தோறும் விழுங்கினால் வாயும் குடலும் புண்ணாகி, எலும்பு மச்சை வறண்டு, உயிருக்கே ஆபத்து. அதனால் அதைத் தனி டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்திருக்கிறேன். உண்மைச் சொல்லும் பொய்ச் சொல்லும் ஒரே கிழவியின் உடலுக்குள் முறைவைத்துப் போய்வருகின்றன. அவள் விரல்கள் இப்போது முறுக்குப் பிழியும் அளவுக்கு விரிகின்றன.

அவரது கூடத்திலிருந்து வேறு மருந்துகளும் வந்தன. யானைக்கால் நோய்ப் புழுக்களை ஒழிக்க நம் கடற்கரை மாவட்டங்களில் வீடு வீடாகத் தரப்பட்ட டை-எத்தில் கார்பமசீன் 1947இல் அங்கு உருவானது. பணி ஓய்வுபெற்ற தாவரவியலார் டக்கரை அழைத்து மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைத் தேட வைத்ததன் பயனாக 1948இல் ஆரியோமைசின் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. 1994இல் சூரத்தில் பிளேக் பரவியபோது நம் நாட்டு மக்கள் தேடி ஓடியது இக்குடும்பத்து மருந்தைத்தான்.

இவ்வளவுக்கும் அவர் அந்நாட்டில் அந்நியர். 1946இல் புதிய சட்டம் வரும்வரை இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற வழியில்லை. ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் அவர் தம் பெயரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஃபார்பரின் கட்டுரையை எழுதியோர் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. அடக்கம் என்று இதைப் போற்றுவோர் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பெயரை எழுதாத காரணத்தால் நம் செய்முறை வகுப்பில் ஒருவர் அவரை வெள்ளையர் என்று எண்ணும் நிலை வந்ததல்லவா?

ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டு மாதங்களுக்குச் சற்று மேல் ஆகியிருந்தபோது, 1948 ஆகஸ்டு 8ஆம் நாள் இரவு, உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவ் காலமானார். வயது 53. ஒரு வகைப் பூஞ்சைக்கு 1953இல் சுப்பாரோமைசஸ் என்று அவர் பெயரைச் சூட்டினார்கள். 1995இல், அவர் பிறந்து நூறாண்டு ஆனபோது, இந்திய அஞ்சல் துறை அவர் படத்தோடு ஓர் அஞ்சல் தலை வெளியிட்டது.